பிளஸ் ஒன்னில் விளையாட்டுப் படிப்பு: மாகறல் நெசவாளருக்கு ஒரு பதில்

காஞ்சிபுரம் மாவட்டம் மாகறலிலிருந்து ஒரு நெசவாளர் எழுதியிருக்கிறார். அவருடைய மகள் இந்த ஆண்டு பத்தாம் வகுப்பு முடிக்கிறாள். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில்தான் படிப்பு. எட்டாம் வகுப்பில் கபடியைத் தொடங்கி, சென்ற ஆண்டு மாவட்ட அளவு வரை ஆடியிருக்கிறாள். தனியார் பள்ளி ஒன்றிலிருந்து வீட்டுக்கே வந்து, “பிளஸ் ஒன்னில் எங்களிடம் ஸ்போர்ட்ஸ் கோர்ஸ் இருக்கிறது, கட்டணம் வேண்டாம், எங்கள் அணிக்கு ஆடினால் போதும்” என்று சொல்லியிருக்கிறார்கள். சேர்க்கலாமா, அதைப் படித்தால் பிழைப்புக்கு வழி உண்டா என்பவை அவருடைய இரண்டு கேள்விகள். கடிதத்தின் அடியில் ஒரு செய்தியும் உண்டு. மூன்று மாதத்துக்கு முன் ஆட்டத்தில் வலது முட்டியில் அடி. வீக்கம் ஒரு வாரத்தில் வடிந்துவிட்டது. நடக்கிறாள். படி இறங்கும்போது மட்டும் முட்டி விலகுவதுபோல் இருக்கிறதாம். பாட்டி கட்டுப் போடச் சொல்கிறார். அம்மா கோயிலில் வேண்டிக்கொண்டிருக்கிறார்.

ஐயா, நீங்கள் கடைசியில் எழுதியதை நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். எந்தப் பிரிவில் சேர்ப்பது என்று முடிவெடுக்க இன்னும் சில வாரம் இருக்கிறது. முட்டி அதுவரை காத்திருக்கக் கூடாது.

அன்று நடந்ததை மகளிடம் நிதானமாகக் கேளுங்கள். யாரும் மோதாமல், ஓடிவந்து சட்டென்று திரும்பும்போதோ, ஒரு காலில் இறங்கும்போதோ நடந்ததா? முட்டிக்குள் ‘டப்’ என்று ஏதோ அறுந்ததுபோல் இருந்ததா? அன்று மாலைக்குள்ளேயே வீங்கிவிட்டதா? இவற்றுக்கு ஆம் என்று பதில் வந்து, இப்போதும் முட்டி நழுவுகிறது என்றால், முன் குறுக்கு இணைநார் (தொடை எலும்பையும் கெண்டைக்கால் எலும்பையும் முட்டிக்குள் பிணைத்து, கீழ் எலும்பு முன்னால் நழுவாமல் பிடித்திருக்கும் நார்) கிழிந்திருக்கக்கூடும் என்று சந்தேகிக்க வேண்டும். மைதானத்தில் இதைத்தான் ‘லிகமென்ட் போச்சு’ என்பார்கள். எக்ஸ்ரே எடுத்து ‘எலும்பு நன்றாக இருக்கிறது’ என்று கேட்டுத் திரும்பிவிட்ட பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். எக்ஸ்ரேயில் எலும்புதான் தெரியும், நார் தெரியாது. எலும்பியல் மருத்துவர் முட்டியைக் கையால் அசைத்துப் பார்த்தே பெரும்பாலும் கண்டுபிடித்துவிடுவார். தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ. (காந்தப் புலத்தால் உள்ளுறுப்பைப் படமெடுக்கும் சோதனை) எடுக்கச் சொல்வார்.

பெண் பிள்ளைகளுக்கு இந்தக் காயம் ஆண் பிள்ளைகளைவிடப் பல மடங்கு அதிகம் வருகிறது. பூப்பெய்திய பிறகு இடுப்பு அகலமாகிறது. குதித்து இறங்கும்போது முட்டி உள்பக்கமாகச் சாய்கிறது. தொடையின் பின்தசை, முன்தசை அளவுக்கு ஒத்துழைப்பதில்லை. கபடியில் இதோடு தரையும் சேர்ந்துகொள்கிறது. ஊரில் மண்ணில் வெறுங்காலோடு ஆடிப் பழகிய பிள்ளை, மாவட்டப் போட்டியில் ஷூ போட்டுக்கொண்டு மேட்டின் மேல் (ரப்பர் விரிப்பு) ஆடுகிறாள். மண்ணில் திரும்பினால் பாதம் கொஞ்சம் வழுக்கிக் கொடுக்கும். மேட் பாதத்தைப் பிடித்துக்கொள்ளும். உடம்பு திரும்பிவிடும், பாதம் திரும்பாது. இடையில் அகப்படுவது முட்டி.

உங்களிடம் அளவு நாடா இருக்கும். முட்டிச் சில்லுக்கு மேலே பத்து சென்டிமீட்டரில் இரண்டு தொடைகளையும் சுற்றி அளந்து பாருங்கள். வலது தொடை ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் மெலிந்திருந்தால் தசை வற்றத் தொடங்கிவிட்டது என்று பொருள். வீக்கம் வடிந்ததைக் காயம் ஆறியதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பாட்டி சொல்லும் கட்டைப் பற்றி. நம் பக்கத்தில் எலும்பு முறிந்தால் புத்தூர் கட்டு என்பது வழிவழியாக வரும் நம்பிக்கை. பெரியவரின் அக்கறையில் குறை இல்லை. ஆனால் முட்டிக்குள் இருக்கும் நார் அறுந்திருந்தால், வெளியே எதை வைத்துக் கட்டினாலும் அது ஒட்டாது. மூன்று நான்கு வாரம் அசையாமல் கட்டிவைத்தால் தொடைத் தசை இன்னும் வற்றும், முட்டி இறுகும். சுளுக்கு எடுப்பவரிடம் கொண்டுபோய் இழுத்துவிடுவது இதைவிடக் கெடுதல். நார் பிடிப்பில்லாத முட்டி ஒவ்வொரு முறை நழுவும்போதும், உள்ளே இருக்கும் குருத்துத் தட்டு (இரண்டு எலும்புக்கும் இடையில் மெத்தைபோல் இருப்பது) கொஞ்சம் கொஞ்சமாகக் கிழியும். முதுமையில் வரவேண்டிய மூட்டுத் தேய்மானம் இளவயதிலேயே வந்துவிடக்கூடும்.

அம்மாவின் வேண்டுதலுக்கு நான் குறுக்கே நிற்க மாட்டேன். உங்கள் மாகறல் கோயில் சம்பந்தர் பாடிய தலம், இறைவன் உடும்பாக வந்ததாகச் சொல்லப்படும் தலம். எலும்பு, மூட்டு நோவு தீர வெளியூரிலிருந்தும் அங்கே வருகிறார்கள். வேண்டுதலும் நடக்கட்டும், மருத்துவரையும் பாருங்கள்.

பயப்பட வேண்டாம். நார் கிழிந்த எல்லோருக்கும் அறுவை சிகிச்சை தேவைப்படுவதில்லை. முதலில் இயன்முறை சிகிச்சை (பயிற்சிகளால் தசையையும் மூட்டையும் தேற்றும் மருத்துவம்). திரும்பவும் கபடி ஆடியே ஆக வேண்டும் என்றால் பெரும்பாலும் அறுவை சிகிச்சைக்குச் சொல்வார்கள். அதற்குப் பிறகு ஒன்பது மாதத்துக்குக் குறையாமல் களத்தில் இறங்கக் கூடாது. ஆறாவது மாதமே ஆட இறங்கியவர்களுக்குத் திரும்பக் கிழிவது அதிகம். குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைக்கு வழி உண்டு. அட்டை இல்லையென்றால் இப்போதே எடுத்துவிடுங்கள்.

இனி உங்கள் முதல் கேள்வி.

‘ஸ்போர்ட்ஸ் கோர்ஸ்’ என்று ஒரே பெயரில் சொன்னாலும், பள்ளிக்குப் பள்ளி அது வெவ்வேறு பொருளைக் குறிக்கிறது. இந்தக் குழப்பத்தால் பெற்றோர் ஏமாறுவதை ஆண்டுதோறும் பார்க்கிறேன். தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டத்தின் மேல்நிலைத் தொழிற்பிரிவில் இயந்திரவியல், மின்னியல், ஆட்டோமொபைல், வேளாண்மை, செவிலியம், நெசவுத் தொழில்நுட்பம், ஆடை வடிவமைப்பு, அலுவலக மேலாண்மை போன்றவை உண்டு. விளையாட்டு அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே மாநிலப் பாடத்திட்டப் பள்ளி ஒன்று ‘ஸ்போர்ட்ஸ் குரூப்’ என்று சொன்னால், வழக்கமான ஒரு குரூப்பில் சேர்த்துவிட்டு மாலையில் பயிற்சி தருகிறார்கள் என்பதுதான் பொருள். மதிப்பெண் பட்டியலில் விளையாட்டு என்ற பெயரே வராது.

மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தில், அதாவது சி.பி.எஸ்.இ.யில், இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று உடற்கல்வி என்ற விருப்பப் பாடம். மற்றது திறன் பாடங்களில் ஒன்றான ‘உடலியக்கப் பயிற்சியாளர்’. தொழிற்கல்வி என்று சரியாகச் சொல்லத்தக்கது இரண்டாவதுதான். சிறு பிள்ளைகளுக்கு விளையாட்டுப் பயிற்சி தரும் வேலைக்கு ஒருவரைத் தயார் செய்வது அதன் நோக்கம். இது எல்லாப் பள்ளியிலும் கிடையாது. தேசியத் திறந்தநிலைப் பள்ளியிலும் மேல்நிலை அளவில் உடற்கல்வியும் யோகாவும் ஒரு பாடமாக உண்டு.

படிக்கும் பிள்ளை உள்ளே என்ன எதிர்கொள்வாள் என்று தெரிந்துகொள்ளுங்கள். சி.பி.எஸ்.இ. உடற்கல்வியில் எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 30. அந்த முப்பதில் உடல் தகுதிச் சோதனைக்கு 6, ஏதாவது ஒரு விளையாட்டில் திறமைக்கு 7, யோகாவுக்கு 7, பதிவேட்டுக்கு 5, வாய்மொழித் தேர்வுக்கு 5. கபடியும் கோ-கோவும் தேர்வு செய்யக்கூடிய விளையாட்டுகள்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள். மாவட்ட அளவில் ஆடிய உங்கள் மகளின் கபடித் திறமை, நூறில் அதிகபட்சம் ஏழு மதிப்பெண். மீதி முழுவதும் படித்தும் எழுதியும் பயின்றும் வாங்க வேண்டியது. நன்றாக ஆடுகிற பிள்ளைக்கு இந்தப் பாடம் சுலபம் என்று யாராவது சொன்னால் அவர் பாடப் புத்தகத்தைத் திறந்ததில்லை.

புத்தகத்தில் என்ன இருக்கிறது? ஓர் எடுத்துக்காட்டு. குறுவட்டப் போட்டிக்கு 11 அணிகள் வருகின்றன. தோற்றவர் வெளியேறும் முறையில் நடத்தினால் எத்தனை ஆட்டம்? அணிகளின் எண்ணிக்கையில் ஒன்று குறைவு, ஆக 10. முதல் சுற்றில் ஆடாமலே அடுத்த சுற்றுக்குப் போகும் அணிகள் (பை) எத்தனை? பதினொன்றுக்கு அடுத்து வரும் இரண்டின் அடுக்கு 16. அதில் 11 போக 5. எல்லோரும் எல்லோரோடும் ஆடும் லீக் முறை என்றால் 55 ஆட்டம். இரண்டே நாளில் முடிக்க வேண்டிய போட்டிக்கு எதைத் தேர்ந்தெடுப்பாய், ஏன்? இப்படித்தான் கேள்வி வரும். இன்னோர் அத்தியாயம் காயங்களைப் பற்றியது. எது தசைப் பிடிப்பு, எது நார் கிழிவு, எது எலும்பு முறிவு, முதல் நாளில் என்ன செய்யக் கூடாது என்பதெல்லாம் அதில் வரும். உயிர் இயந்திரவியல் (உடம்பின் அசைவுகளை விசை, சமநிலை விதிகளால் விளக்குவது) இயற்பியலை ஒட்டியது. சத்துணவு, உளவியல், மாற்றுத்திறனாளிகளின் விளையாட்டு ஆகியவற்றுக்கும் தனித்தனிப் பாடங்கள் உண்டு. மனதார எடுத்துப் படிக்கும் பிள்ளைக்கு இது மிக நல்ல படிப்பு. கணக்கும் அறிவியலும் வரவில்லையே என்று ஒதுங்கி வருகிற பிள்ளைக்கு முதல் பருவத் தேர்விலேயே அதிர்ச்சி காத்திருக்கும்.

வெளிநாட்டில் இருக்கும் உறவினர்கள் அங்கே விளையாட்டையே மேல்நிலையில் தனிப் படிப்பாகப் படிக்கிறார்கள் என்று சொல்லியிருக்கலாம். உண்மைதான். பிரிட்டனில் பிடெக் (BTEC) என்ற தொழிற்கல்வித் தகுதியில் விளையாட்டு ஒரு துறை. இலங்கையில் 2017-ல் தொடங்கிய பதின்மூன்று ஆண்டு உறுதிப்படுத்தப்பட்ட கல்வித் திட்டத்தின் தொழிற்பிரிவிலும் விளையாட்டும் உடற்கல்வியும் ஒரு பாடம். அங்கெல்லாம் கூட வேலையில் பெரும்பகுதி எழுதுவதுதான். ஒரு பயிற்சித் திட்டம் தயாரித்து, நடத்தி, என்ன விளைந்தது என்று அறிக்கை எழுத வேண்டும்.

உங்கள் மகளுக்கு என் பரிந்துரை இது. இப்போது அந்தத் தனியார் பள்ளிக்கு மாற்ற வேண்டாம்.

காரணத்தைச் சொல்கிறேன். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவம், பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் போன்ற தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு இருக்கிறது. அதே தகுதியோடு கல்லூரியில் சேரும் பெண்ணுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. ஐந்து ஆண்டு கட்டிக்காத்த இந்த இரண்டையும், கடைசி இரண்டு ஆண்டில் பள்ளியை மாற்றினால் இழந்துவிடுவீர்கள். கட்டணம் இல்லை என்று சொல்லும்போது இந்த இழப்பு கண்ணுக்குத் தெரிவதில்லை. பாடத்திட்டமும் மாறும், பயிற்றுமொழியும் மாறும், நாள்தோறும் போகவர நேரமும் கூடும். அடிபட்ட முட்டியோடு இத்தனையையும் ஒரே ஆண்டில் அவள் தலையில் ஏற்ற வேண்டுமா?

ஊரிலேயே, அல்லது எட்டும் தூரத்தில், உயிரியல் உள்ள குரூப்பில் சேருங்கள். இதில் நான் கொஞ்சம் பிடிவாதமாகவே இருக்கிறேன். விளையாட்டைச் சார்ந்து இன்று நல்ல வாழ்க்கை தரும் தொழில்களில் ஒன்று இயன்முறை மருத்துவம். அதன் பட்டப்படிப்புக்குப் பிளஸ் டூவில் உயிரியல் வேண்டும். உயிரியல் படித்த பெண்ணுக்கு உடற்கல்விப் பட்டமும் திறந்திருக்கும், இயன்முறை மருத்துவமும் திறந்திருக்கும். உயிரியலை விட்டுவிட்டு உடற்கல்வியை மட்டும் பிடித்துக்கொண்டால் இரண்டாவது கதவைப் பதினாறு வயதிலேயே சாத்துகிறோம். நெசவுக்குப் பாவு போடும்போதே எத்தனை கெஜம் என்று கணக்குப் பார்ப்பீர்கள் அல்லவா? குரூப் எடுப்பதும் அப்படித்தான், பாதியில் நீட்ட முடியாது.

விளையாட்டுப் படிப்பு எந்தப் பிள்ளைக்குப் பொருந்தும் என்றும் சொல்லிவிடுகிறேன். ஏற்கெனவே சி.பி.எஸ்.இ.யில் படிக்கிற பிள்ளை, வீட்டில் கட்டணம் தாங்கும், உடற்கல்வி ஆசிரியராகவோ பயிற்சியாளராகவோ ஆக வேண்டும் என்று தானே சொல்கிறது, கூடவே உயிரியலும் எடுக்க முடிகிறது என்றால் தாராளமாகச் சேரலாம். மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத் தேர்வில் உடற்கல்வியும் ஒரு பாடமாக இருப்பதால் அங்கும் அது பயன்படும். ஆனால் பொறியியல் கட்-ஆஃபில் அது சேராது.

இத்தனைக்குப் பிறகும் அந்தப் பள்ளியே வேண்டும் என்று மகள் நின்றால், அவர்களிடம் ஒன்றை எழுத்தில் கேளுங்கள். காயம்பட்டு அவளால் ஓராண்டு ஆட முடியாமல் போனால் கட்டணச் சலுகை தொடருமா? சிகிச்சைச் செலவு யாருடையது? ஆடிக்கொண்டிருக்கும் வரை விடுதியும் சாப்பாடும் இலவசமாகக் கொடுத்து, முட்டி போனதும் முழுக் கட்டணம் கேட்ட நிகழ்ச்சிகளை நான் நேரில் அறிவேன். அந்தப் பிள்ளைகள் ஆட்டத்தையும் இழந்தார்கள், நடு ஆண்டில் பள்ளியையும் இழந்தார்கள். வாய் வார்த்தையாகத் தருவோம் என்பவர்கள் தாளில் எழுதித் தரத் தயங்கினால் அதையே பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள். இப்போதைய காயத்தையும் மறைக்காதீர்கள். மறைத்துச் சேர்த்தால் முதல் மாதப் பயிற்சியிலேயே முட்டி திரும்பவும் விலகும்.

அரசுப் பள்ளியிலிருந்தே விளையாட்டைத் தொடர வழி இல்லையா என்றால், இருக்கிறது. பள்ளிக் கல்வித் துறை நடத்தும் பாரதியார் தின, குடியரசு தினப் போட்டிகள் குறுவட்டத்தில் தொடங்கி மாநிலம் வரை போகின்றன. முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளும் உண்டு. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகளில் பதினொன்றாம் வகுப்புக்கும் ஆள் எடுக்கிறார்கள். தங்குமிடமும் உணவும் பயிற்சியும் இலவசம். தேர்வு கோடை விடுமுறையை ஒட்டி நடக்கும். காஞ்சிபுரம் அண்ணா விளையாட்டு அரங்கில் உள்ள மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் தேதியைக் கேட்டுக்கொள்ளலாம். முட்டி தேறாத இந்த ஆண்டு அந்தத் தேர்வுக்கு அனுப்ப வேண்டாம்.

சான்றிதழ் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. ‘தேசியப் போட்டி’, ‘பன்னாட்டுப் போட்டி’ என்று சொல்லி, ஆளுக்கு இத்தனை ஆயிரம் என்று வாங்கி, வெளி மாநிலத்துக்குக் கூட்டிப்போய்ப் பதக்கமும் சான்றிதழும் கொடுக்கும் அமைப்புகள் பெருகிவிட்டன. அரசு அங்கீகரித்த சங்கமோ பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்போ நடத்தாத போட்டியின் சான்றிதழ், கல்லூரியிலும் வேலையிலும் விளையாட்டு ஒதுக்கீட்டுக்குச் செல்லாது. பணம் கட்டுமுன் மாவட்ட விளையாட்டு அலுவலரிடம் போட்டியின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். பத்து நிமிட வேலை. வயதைக் குறைத்துப் பிறப்புச் சான்றிதழ் வாங்கச் சொல்லும் ஆளை வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள்.

அடுத்து, உடம்பின் சுமை. விளையாட்டுப் படிப்பை எடுத்த பிள்ளைகளிடம் நான் அதிகம் காண்பது, ஒரே நாளில் மூன்று இடத்தில் உடம்பைச் செலவழிப்பது. காலையில் அணிப் பயிற்சி, பகலில் செய்முறை வகுப்பு, மாலையில் வேறொரு கிளப். ஒருவர் வாங்குகிற வேலை மற்றவருக்குத் தெரியாது. நெசவு வீட்டில் நான்காவதாக ஒன்றும் சேரும். தறிக்குப் பக்கத்தில் குனிந்து உட்கார்ந்து இரண்டு மணி நேரம் உதவிவிட்டு எழும் பிள்ளைக்குத் தொடையின் பின்தசையும் இடுப்பும் இறுகிப்போயிருக்கும். அப்படியே மைதானத்தில் வேக ஓட்டம் ஓடினால் தசை பிடித்துக்கொள்ளும். உதவக் கூடாது என்று சொல்லவில்லை. இடையில் இருபது நிமிடம் நடக்கவும் உடம்பைத் தளர்த்தவும் விடுங்கள். போட்டிக் காலத்தில் தறி வேலையைத் தவிர்த்துவிடுங்கள்.

வாரத்தில் மொத்தப் பயிற்சி மணி, பிள்ளையின் வயதைத் தாண்டக் கூடாது என்பது எளிய அளவுகோல். பதினாறு வயதென்றால் வாரம் பதினாறு மணிக்குள். வாரத்தில் ஒரு நாளாவது முழு ஓய்வு. இரவு எட்டு மணி நேரத்துக்குக் குறையாத தூக்கம். சுமை மிஞ்சியதை உடம்பு முன்கூட்டியே சொல்லிவிடும். காலையில் எழுந்ததும் நாடித் துடிப்பு வழக்கத்தைவிடக் கூடுதலாக இருக்கும். காரணமில்லாமல் எரிந்து விழுவாள். அடிக்கடி சளி பிடிக்கும். கெண்டைக்கால் எலும்பில் விரல் நுனியால் தொடக்கூடிய ஒரே இடத்தில் வலிக்கும், அது எலும்பில் மயிரிழை விரிசலாக இருக்கலாம். மூன்று மாதம் மாதவிடாய் வராமல் போனால், ‘விளையாடுகிற பெண்ணுக்கு அப்படித்தான்’ என்று விட்டுவிடாமல் மகளிர் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். செலவழிக்கிற அளவுக்குச் சாப்பிடாத உடம்பு முதலில் நிறுத்துவது அதைத்தான். பிறகு எலும்பு வலுவிழக்கும். இதைப் பேச அம்மாவே தகுந்தவர்.

சாப்பாட்டுக்குப் பெரிய செலவு வேண்டாம். தினம் இரண்டு வேகவைத்த முட்டை, கொண்டைக்கடலைச் சுண்டல், வேர்க்கடலை, கேழ்வரகு, முருங்கைக்கீரை, பால் அல்லது மோர், கூடவே வழக்கமான சோறும் குழம்பும். சோற்றைக் குறைக்கச் சொல்பவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள், ஓடுகிற பிள்ளைக்கு அதுதான் எரிபொருள். பச்சை முட்டை குடிக்கும் பழக்கம் கபடி முகாம்களில் இன்னும் இருக்கிறது. பச்சை முட்டையின் புரதத்தில் ஏறக்குறையப் பாதிதான் உடம்பில் சேர்கிறது, வெந்ததில் பத்தில் ஒன்பது பங்கு. பள்ளியில் வாரந்தோறும் தரும் இரும்புச்சத்து மாத்திரையை வாங்கி ஜன்னல் வழியே எறியாமல் விழுங்கச் சொல்லுங்கள். சாப்பிட்டவுடன் டீ வேண்டாம், அது இரும்பைச் சேரவிடாது. போட்டிக்கு எடை போடும் நாளுக்கு முன் தண்ணீர் குடிக்காமல் ஓடவிட்டு எடை குறைக்கச் சொல்லும் பயிற்சியாளரிடம், நீங்கள் அப்பாவாகப் போய் நேரில் பேச வேண்டும். நம் ஊர் வெயிலில் அது உயிரோடு விளையாடுவது.

டப்பாவில் வரும் புரதப் பொடியும், ‘ஊசி ஒன்று போட்டால் வலி தெரியாது’ என்பதும் வேண்டவே வேண்டாம். மலிவான பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருந்து பிள்ளைகள் ஊக்கமருந்துச் சோதனையில் மாட்டியது உண்டு. தெரியாமல் சாப்பிட்டேன் என்றாலும் உடம்பில் இருந்தால் பொறுப்பு ஆடியவருடையதுதான். தடை நான்கு ஆண்டு வரை போகும். ஊக்கமருந்தில் அகப்படுவோர் விகிதத்தில் இந்தியா உலகில் முன்வரிசையில் நிற்கிறது. வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஆடுவது, முட்டி கொடுக்கும் எச்சரிக்கையை வாயடைத்துவிட்டு ஆடுவது.

பிழைப்புக்கு வழி உண்டா என்று கேட்டீர்கள். ஆட்டக்காரியாக மட்டுமே வாழ்வது மிகச் சிலருக்குத்தான் வாய்க்கிறது. ஆட்டத்தைச் சுற்றிய வேலைகள் அதைவிடப் பல மடங்கு. ஹாரி குரோ பக் 1920-ல் தொடங்கி, இன்று சென்னை நந்தனத்தில் இயங்கும் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரி ஆசியாவின் பழைமையான உடற்கல்விக் கல்லூரிகளில் ஒன்று. 2005-ல் தொடங்கிய தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் மேலக்கோட்டையூரில் இருக்கிறது. நம் மாவட்டத்திலிருந்து இரண்டுமே தொலைவில்லை. பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர் வேலைக்கு வழக்கமாக ஒரு பட்டமும், அதற்குப் பிறகு இரண்டு ஆண்டு பி.பி.எட். படிப்பும் வேண்டும். ஆக பிளஸ் டூவுக்குப் பிறகு ஐந்து ஆண்டு என்று திட்டமிட்டுக்கொள்ளுங்கள். பயிற்சியாளராக வேண்டுமென்றால் 1961-ல் பாட்டியாலாவில் தொடங்கிய தேசிய விளையாட்டு நிறுவனத்தின் பட்டயத்துக்குத்தான் இன்றும் மதிப்பு. மாநிலச் சங்கம் நடத்தும் நடுவர் தேர்வைக் கல்லூரியில் படிக்கும்போதே எழுதலாம். தமிழ்நாடு அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடும், பொறியியல் சேர்க்கையில் 500 இடங்களும் இருக்கின்றன. அவை உயர்ந்த அளவில் ஆடியவர்களுக்கே எட்டும், மாவட்ட அளவை நம்பிக் கணக்குப் போட வேண்டாம்.

முட்டிக்கு அறுவை சிகிச்சை வேண்டியிருந்தாலும் அவளுக்கு ஓராண்டு வீணாகாது. பிளஸ் ஒன் பாடங்கள் ஓடும். தேறி வரும் மாதங்களில் பள்ளிப் போட்டிகளில் ஸ்கோர் எழுதலாம், கோட்டு நடுவராக நிற்கலாம், இயன்முறை மருத்துவர் சொல்லும் பயிற்சியை நோட்டில் தேதி போட்டுக் குறித்து வரலாம். திரும்ப ஆடப் போகும்போது, முட்டியை உள்பக்கம் சாய்க்காமல் மடக்கி இறங்கும் முறையை முதலில் இருந்து பழக வேண்டும். வாரத்தில் இரண்டு மூன்று நாள், ஆட்டத்துக்கு முன் இருபது நிமிடம் போதும். இதைச் செய்யும் பெண்கள் அணிகளில் இந்தக் காயம் பாதியளவு குறைகிறது. அவளோடு ஆடும் மற்றப் பிள்ளைகளுக்கும் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர் இதை இப்போதே தொடங்கலாம். இந்தப் பத்தியை அவரிடம் காட்டுங்கள்.

வரும் திங்கட்கிழமை காஞ்சிபுரம் அரசுத் தலைமை மருத்துவமனைக்குக் காலையிலேயே போய் எலும்பியல் பிரிவுக்குச் சீட்டு வாங்குங்கள். எடுத்த எக்ஸ்ரே இருந்தால் கையோடு கொண்டு போங்கள். காப்பீட்டு அட்டை, ஆதார், குடும்ப அட்டை நகல்களும் வேண்டும். முட்டிக்கு மேல் சுருட்டக்கூடிய தளர்வான உடை போட்டுக்கொள்ளட்டும். எப்படி அடிபட்டது என்று மருத்துவர் கேட்கும்போது நீங்கள் முந்திக்கொள்ளாமல் அவளையே சொல்லவிடுங்கள். எந்தக் காலை ஊன்றினாள், எந்தப் பக்கம் திரும்பினாள் என்பது அவளுக்குத்தான் தெரியும்.